காஷ்மீர் ஈப்பிடிப்பானை அடையாளம் காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் பறவை? நம் மலைகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

காஷ்மீர் ஈப்பிடிப்பான் 13 செ.மீ. நீளமே உள்ள பூச்சியுண்ணி, ஊர்க்குருவியைவிடச் சிறியது. அறிவியல் பெயர் ஃபிசெடுலா சப்ரூப்ரா. வடமேற்கு இமயமலையில், காஷ்மீர்ப் பள்ளத்தாக்கையும் பீர் பஞ்சால் தொடரையும் சுற்றியுள்ள காடுகளில்தான் இது கூடு கட்டும். செப்டம்பரில் அங்கிருந்து கிளம்பி, நாட்டின் நீளம் முழுவதையும் கடந்து, நீலகிரி, பழனி மலை, இலங்கையின் மத்திய மலைநாடு ஆகிய இடங்களுக்கு அக்டோபரில் வந்து சேர்கிறது. மார்ச் கடைசிக்குள் திரும்பிவிடும். ஆக, ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் இது நம் மலைகளின் பறவை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது அழிவாய்ப்பு இனம், அதாவது அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனம். அதனால்தான் ஒவ்வொரு சரியான பதிவுக்கும் மதிப்பு அதிகம். தவறான பதிவால் வரும் கெடுதலும் அதே அளவு அதிகம்.

பழைய கையேடுகளில் இந்தப் பெயரைக் காணோமே?

முன்பு இதைச் செம்மார்பு ஈப்பிடிப்பானின் துணையினமாக வைத்திருந்தார்கள். டைகா ஈப்பிடிப்பானும் அதே தலைப்பின் கீழ்தான் இருந்தது. இப்போது மூன்றும் தனித்தனி இனங்கள். பழைய பட்டியலில் ‘செம்மார்பு ஈப்பிடிப்பான், ஊட்டி’ என்று மட்டும் இருந்தால், அது இன்றைய எந்த இனத்தைக் குறிக்கிறது என்பதை விவரக் குறிப்போ படமோ இல்லாமல் முடிவு செய்யக் கூடாது.

சிவந்த தொண்டையைப் பார்த்தேன். காஷ்மீர் ஈப்பிடிப்பான்தானே?

தொண்டை சிவப்பாக இருப்பது மட்டும் போதாது. அந்தச் சிவப்பு எங்கே முடிகிறது, அதன் ஓரத்தில் என்ன நிறம் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

செம்மார்பு ஈப்பிடிப்பான் ஆணில் ஆரஞ்சுச் சிவப்பு தொண்டையிலும் மேல்மார்பிலும் நின்றுவிடும். அதற்குக் கீழே வெளிறிய வெள்ளை. கன்னமும் கழுத்தின் பக்கமும் சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் மெதுவாகச் சிவப்பில் கலக்கும், நடுவில் கருங்கோடு எதுவும் இராது.

காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஆணில் சிவப்பு தொண்டையில் தொடங்கி, மார்பை முழுவதும் நிரப்பி, விலாப்பக்கம் வரை இறங்கும். சிவப்பும் இன்னும் அழுத்தமானது. கழுத்தின் இரு பக்கத்திலும் தொடங்கி மார்பின் ஓரமாகவே விலா நோக்கி ஒரு கருங்கரை இறங்குவதுதான் முடிவான அடையாளம். பறவை நம்மை நேராகப் பார்த்து உட்கார்ந்தால், சிவப்பை இருபுறமும் கருப்பு அணைத்திருப்பது தெரியும். அடிவயிறும் வாலடியும் வெள்ளை. முதுகு செம்மார்பானைவிட ஒரு படி கருத்த சாம்பல் பழுப்பு.

எல்லா ஆண்களிலும் இந்தக் கரை ஒரே அழுத்தத்தில் இருக்காது. சிலவற்றில் கழுத்தருகே மட்டும் தெளிவாக இருந்து, கீழே போகப்போகக் கரைந்துவிடும். அப்போது சிவப்பின் பரப்பை வைத்து முடிவு செய்யலாம். சிவப்பு விலா வரை போகிறது, ஓரத்தில் கொஞ்சமாவது கருப்பு இருக்கிறது என்றால் காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று எழுதலாம். சிவப்பு தொண்டையோடு நின்று, கருப்பே இல்லை என்றால் எழுதக் கூடாது, ஊட்டியில் பார்த்ததாகவே இருந்தாலும்.

வாலைத் தூக்கும்போது இருபுறமும் வெள்ளை பளிச்சிட்டது. அது போதாதா?

போதாது. காஷ்மீர், செம்மார்பு, டைகா மூன்றுக்குமே வால் ஒரே மாதிரிதான்: நடுவிலும் நுனியிலும் கருப்பு, அடிப்பகுதியில் இருபுறமும் வெள்ளைத் திட்டு. வாலை நிமிர்த்தி, சிறகை லேசாகத் தொங்கவிடும் பழக்கமும் மூன்றுக்கும் உண்டு. நம் மலைகளில் வழக்கமாகக் காணும் மற்ற ஈப்பிடிப்பான்களை ஒதுக்கி, இந்த மூன்றில் ஏதோ ஒன்று என்ற முடிவுக்கு வால் வெள்ளை கொண்டுவரும். அந்த வகையில் அது நல்ல முதல் படி. இரண்டாவது படிக்கு மார்புக்குத்தான் போக வேண்டும்.

டைகா ஈப்பிடிப்பானை எப்படி ஒதுக்குவது?

அலகைப் பாருங்கள். டைகாவின் அலகு முழுக்கக் கருப்பு. காஷ்மீரிலும் செம்மார்பிலும் கீழ் அலகின் அடிப்பகுதி வெளிறியிருக்கும். வாலின் அடியை மேலிருந்து மூடும் சிறு இறகுகள் (மூடிறகுகள்) டைகாவில் வாலைவிடக் கருமையாக இருக்கும். குளிர்காலத்தில் டைகா ஆண் தொண்டைச் சிவப்பை இழந்துவிடும் என்பதும் உதவும். மற்ற இரண்டின் ஆண்களும் சிவப்போடுதான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. டைகா பெரும்பாலும் வடகிழக்கு இந்தியாவையும் அதற்குக் கிழக்கேயும் நாடும் பறவை. தென்னிந்திய மலைகளில் டைகா என்று பதிவு செய்ய விரும்பினால் அலகும் வால் மூடிறகும் தெரியும் படம் கட்டாயம் வேண்டும்.

பெண்ணையும் இளம் பறவையையும் பிரிக்க முடியுமா?

பல நேரங்களில் முடியும், சில நேரங்களில் முடியாது. இந்தப் பறவையில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அதுவும் குளிர்காலத்தில் கண்ணில் படுவதில் கணிசமானவை பெண்களும் முதல் குளிர்காலத்தில் இருக்கும் இளசுகளும்தான்.

செம்மார்பு ஈப்பிடிப்பான் பெண்ணின் அடிப்பகுதி பாலேடு நிறத்தில், சீராக, எந்தப் பட்டையும் இல்லாமல் இருக்கும். காஷ்மீர் பெண்ணில் இரண்டு தோற்றங்கள் உண்டு.

முதல் தோற்றத்தில் தொண்டையிலும் மார்பிலும் மங்கிய செம்மை படர்ந்திருக்கும். அந்தச் செம்மை தொண்டையைவிட மார்பில் அதிகம். சிலவற்றில் அது மார்பின் குறுக்கே ஒரு பட்டை போலவே சேர்ந்து தெரியும். விலாவுக்கும் வயிற்றுக்கும் இறங்குவதும் உண்டு. செம்மார்பானில் இது தலைகீழ்: நிறம் இருந்தால் தொண்டையில் இருக்கும், மார்பில் குறையும். ‘தொண்டையா, மார்பா, எங்கே அழுத்தம்?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதிப் பறவைகள் பிரிந்துவிடும்.

இரண்டாவது தோற்றத்தில் செம்மையே இருக்காது. மார்பின் குறுக்கே சாம்பல் சாயல், அதற்குக் கீழே வெண்மையான வயிறு, முதுகு கருத்த சாம்பல் பழுப்பு. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள நிற வேறுபாடு செம்மார்பு பெண்ணில் இவ்வளவு தெளிவாக இராது. ஆனால் நிழலில் உட்கார்ந்த எந்தப் பறவையின் மார்பும் சாம்பலாகத்தான் தெரியும். இந்தத் தோற்றத்தை நல்ல வெளிச்சத்தில், பக்கத்திலிருந்தும் நேரிலும் பார்த்தால் மட்டுமே நம்பலாம்.

முதல் குளிர்கால இளம் பறவைகள் பெண்ணைப் போலவே இருக்கும். சிறகு மூடிறகுகளின் நுனியில் வெளிர் மஞ்சள் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக ஒரு மெல்லிய கோடு போலத் தெரிந்தால், அது இளசு. பாலினத்தை எழுத வேண்டாம்.

இவ்வளவு பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால் ‘செம்மார்பு / காஷ்மீர் ஈப்பிடிப்பான்’ என்று பதியுங்கள். அது தோல்வி இல்லை, மிகச் சரியான பதிவு.

இந்த மூன்றைத் தவிர வேறு எவை ஏமாற்றும்?

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அதிகம் ஏமாற்றுவது கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது, ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பது. ஆணுக்குத் தலையும் சிறகும் கருப்பு, முதுகு, வால் உட்பட மற்றதெல்லாம் ஆரஞ்சு. பெண்ணுக்குக் கருப்பு இருக்கும் இடத்தில் மங்கிய பழுப்பு. சோலைக்காட்டின் அடிப்புதரில், தரையை ஒட்டியே இருக்கும். வால் ஆரஞ்சா, அடியில் வெள்ளையுள்ள கருப்பா என்று பார்த்தால் ஒரே நொடியில் தீர்ந்துவிடும்.

டிக்கெல் நீல ஈப்பிடிப்பானுக்கு ஆரஞ்சு மார்பு உண்டு. நிழலில் அதன் நீல முதுகு வெறும் கருமையாகத் தெரிவதால் குழப்பம் வரும். அதன் வாலில் வெள்ளை கிடையாது. இந்திய நீல ராபின் தரையில் குதித்து நடக்கும் பறவை, கால் நீளம், ஆணுக்கு வெள்ளைப் புருவம். பழுப்பு ஈப்பிடிப்பானுக்குப் பெரிய கண், தெளிவான வெள்ளைக் கண்வளையம். அதுவும் வாலில் வெள்ளை இல்லாதது.

குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

இடத்தைக் கண்டுபிடிக்கலாம், இனத்தை முடிவு செய்யக் கூடாது. கூர்மையாக ‘சக்’ என்று ஓர் ஒலி, இடையிடையே ‘ட்ர்ர்ர்’ என்ற வறண்ட அதிர்வு. செம்மார்பானும் இதே போன்ற அதிர்வொலி எழுப்பும். கைப்பேசிச் செயலி குரலைக் கேட்டு ஒரு பெயரைக் காட்டினால், அந்தத் திசையில் தேடுவதற்கான தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

ஜனவரியும் பிப்ரவரியும். அக்டோபரிலேயே வந்துவிட்டாலும், நீலகிரி, பழனி மலை, நுவரெலியா மூன்றிலும் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் வேலையைக் கெடுக்கும். ஜனவரியில் வானம் தெளியும். பறவைகளும் அதற்குள் தங்கள் இடத்தைப் பிடித்து நிலைத்திருக்கும். குளிர்காலத்தில் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சிறு பகுதியை வைத்துக்கொண்டு மற்றதை விரட்டும் பழக்கம் இதற்கு உண்டு. ஆகவே ஒரு நாள் பார்த்த இடத்தில் மறுநாளும், மறுவாரமும் பார்க்க வாய்ப்பு அதிகம்.

சமவெளிப் பழக்கத்தில் விடியுமுன் போய் நிற்பதில் பயன் குறைவு. ஊட்டியில் ஜனவரி காலை புல்லில் உறைபனி கிடக்கும். பூச்சி பறக்காத நேரத்தில் ஈப்பிடிப்பானும் உள்ளேயே ஒடுங்கியிருக்கும். மரவிளிம்பில் முதல் வெயில் விழும் நேரத்தைக் கவனியுங்கள். வெயில் பட்டதும் பூச்சிகள் எழும், பறவையும் அங்கே வரும். பொதுவாகக் காலை 7:30 முதல் 10 வரை, மாலை 3:30க்கு மேல்.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

ஊட்டி அரசு தாவரவியல் பூங்கா, 1848இல் தொடங்கப்பட்டது. அதன் மேல்பகுதியில் மரங்கள் அடர்ந்த, ஆள் நடமாட்டம் குறைந்த ஓரங்களில் தேடுங்கள். ஊட்டியிலேயே கெய்ர்ன் ஹில், தொட்டபெட்டா சுற்றுவட்டாரச் சோலைகள். பழனி மலையில் கொடைக்கானல். இலங்கையில் 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் விக்டோரியா பூங்காதான் பலரும் நாடும் இடம். ஊர் நடுவே இருந்தாலும், அங்குள்ள மரநிழலும் நீரோட்டத்தை ஒட்டிய ஈரமான ஓரங்களும் இந்தப் பறவைக்குப் பிடித்தவை. பக்கத்திலேயே ஹக்கல தாவரவியல் பூங்கா. ஹோர்டன் சமவெளியின் காட்டோரமும் உண்டு. இலங்கையில் ஏறக்குறைய 750 மீட்டருக்கு மேல்தான் இதைத் தேட வேண்டும்.

இந்தப் பறவைக்கு அடர்ந்த காடே வேண்டும் என்பதில்லை. காட்டின் விளிம்பு, தேயிலைத் தோட்டத்தின் மரவரிசை, பெரிய மரங்கள் உள்ள பழைய பங்களாத் தோட்டம் எல்லாம் சரி. நடுக்காட்டில் ஒரு நாள் முழுக்க அலைந்துவிட்டுத் தங்கும் விடுதியின் வேலியோரத்தைப் பார்க்காமல் போவது பலரும் செய்வது.

வனத்துறைப் பகுதிகளில் சீட்டு அல்லது அனுமதி வாங்கியே போங்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காட்டெருமைகள் தோட்டங்களுக்கே வரும். பைனாகுலரில் கண்ணை வைப்பதற்கு முன் சுற்றுமுற்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சரி, அங்கே போய் நின்றபின் என்ன செய்வது?

நடப்பதைக் குறைத்து, நிற்பதைக் கூட்டுங்கள். வெயில் படும் ஒரு மரவிளிம்பைத் தேர்ந்து, சூரியனை முதுகுப்புறம் வைத்து, 15 மீட்டர் தள்ளி அரை மணி நேரம் அசையாமல் நிற்பது, அதே நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் நடப்பதைவிடப் பலன் தரும்.

கண்ணைத் தரையிலிருந்து ஏறக்குறைய 5 மீட்டர் உயரம் வரை ஓடவிடுங்கள். பறவை ஒரு வறண்ட குச்சியின் நடுவில் உட்கார்ந்திருக்கும். உடல் நிமிர்ந்து, சிறகு நுனி தொங்கி, வால் சட்டென்று மேலே எழும், மெதுவாகத் தாழும். பிறகு ஒரு பாய்ச்சல்: காற்றில் ஒரு பூச்சி, அல்லது தரையில் விழுந்து ஒரு புழு. திரும்பும்போது பழைய குச்சிக்கே வராமல் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்காரும். புதியவர்கள் பழைய குச்சியையே பார்த்துக்கொண்டிருந்து பறவையைத் தவறவிடுவது இதனால்தான். பாயும்போது கண்ணால் பின்தொடருங்கள், உட்கார்ந்த பின்தான் பைனாகுலரைத் தூக்குங்கள்.

கிடைக்கும் சில நொடிகளில் பார்க்க வேண்டிய வரிசை: மார்பு, அதன் ஓரம், கீழ் அலகின் அடி, கடைசியாக வால். எல்லோரும் முதலில் வாலைப் பார்க்கிறார்கள், ஏனென்றால் அதுதான் அசைகிறது. வால் திரும்பத் திரும்பத் தெரியும். மார்பு தெரியும் கோணம் எப்போதாவதுதான் கிடைக்கும்.

எந்தப் பைனாகுலர் ஏற்றது?

8×42. 10 மடங்கு உருப்பெருக்கத்தில் கைநடுக்கமும் பெருகும், பார்வைப் பரப்பும் குறையும். குச்சி மாறிக்கொண்டே இருக்கும் பறவைக்கு அது வசதியில்லை. 42 மி.மீ. முகப்புக் கண்ணாடி சோலை நிழலில் வெளிச்சம் தரும். மூடுபனி நாளில் கண்ணாடி மங்கினால் சட்டை நுனியால் துடைக்க வேண்டாம், கீறல் விழும். மெல்லிய நுண்ணிழைத் துணி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் சிவப்பாக இருக்கிறது, நேரில் அப்படித் தெரியவில்லையே?

நிறம் படத்தில்தான் அதிகம் பொய் சொல்லும். மாலை வெயிலில் எடுத்த செம்மார்பு பெண்ணுக்கு மார்பில் செம்மை ஏறிவிடும். பச்சை இலை சூழ்ந்த நிழலில் எடுத்த காஷ்மீர் ஆணின் சிவப்பு மங்கி, கருங்கரை அந்த இருளோடு கலந்துவிடும். கைப்பேசி தானாகவே நிறத்தைக் கூட்டிக்காட்டுவது வேறு.

ஆகவே ஒரே படத்தை நம்பாமல், நேர்முகமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வால் விரிந்தபோது ஒன்று என்று குறைந்தது மூன்று எடுங்கள். 400 மி.மீ. லென்ஸில் ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறைந்தால் படம் நடுங்கும், நிழலில் ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளியுணர்திறனை) 1600, 3200 என்று ஏற்றத் தயங்க வேண்டாம். புள்ளி தெரியும் கூர்மையான படம், பளபளப்பான மங்கல் படத்தைவிட அடையாளத்துக்கு உதவும். பின்புலம் வானமாக இருந்தால் ஒளியளவை ஒரு படி கூட்டுங்கள், இல்லாவிட்டால் மார்பு முழுதும் கருத்துப்போகும். பதிவேற்றும் முன் நிறத்தைக் கூட்டவே கூடாது.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா?

வேண்டாம். தன் எல்லையைக் காக்கும் பறவை, ஒலியை எதிரி என்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டு வந்து அலையும். உறைபனி இரவுக்கும், மார்ச்சில் தொடங்கும் நீண்ட பயணத்துக்கும் கொழுப்பு சேர்க்க வேண்டிய நேரம் அது. விக்டோரியா பூங்கா போன்ற இடத்தில் ஒரு குளிர்காலத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிப்பாருங்கள். ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் ஒலித்தாலும் பாதிப்பு அந்த ஒரே பறவைக்குத்தான்.

மதுரையில், சென்னையில் சிவந்த தொண்டைப் பறவையைப் பார்த்தேன். அதுவாக இருக்குமா?

சமவெளியில், மாந்தோப்பில், குன்றடிவாரத்தில் என்றால் முதலில் செம்மார்பு ஈப்பிடிப்பான் என்றே எண்ணுங்கள். வலசைப் பாதையில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் எங்காவது இறங்கக்கூடும்தான். ஆனால் அப்படிப் பதிய, கருங்கரை தெளிவாகத் தெரியும் ஆணின் படம் வேண்டும்.

பதிவில் என்னென்ன எழுத வேண்டும்?

இ-பேர்ட் போன்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினாலும், சொந்தக் குறிப்பேட்டில் எழுதினாலும் இவை இருக்கட்டும்: தேதி, நேரம், சரியான இடம், உயரம், பறவை உட்கார்ந்த மட்டம், சிவப்பு எதுவரை இறங்கியது, ஓரத்தில் கருப்பு இருந்ததா, கீழ் அலகின் அடி வெளிறியிருந்ததா, வெளிச்சம் எந்தப் பக்கம். ‘தெளிவாகப் பார்த்தேன்’ என்ற வரியால் பட்டியலைச் சரிபார்ப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை. ‘செம்மை விலா வரை, கழுத்தோரம் கருப்பு, வயிறு வெள்ளை’ என்ற ஏழே சொற்கள் போதும்.

ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இதற்கு நல்ல வாய்ப்பு. அந்த நாட்களில் மலைக்குப் போகிறவர்கள், இந்தப் பறவை கிடைக்காத அரை மணி நேரத்தையும், கண்ட மற்றப் பறவைகளோடு முழுப் பட்டியலாக ஏற்றுங்கள். தேடியும் இல்லை என்பதும் தகவல்தான்.

கூடு கட்டும் காலத்தில் காஷ்மீரில் பார்க்க முடியுமா? எண்ணிக்கை ஏன் குறைகிறது?

மே கடைசியும் ஜூனும் ஏற்ற காலம். ஸ்ரீநகரை ஒட்டிய தாச்சிகாம் தேசியப் பூங்கா அறியப்பட்ட இடம். முன் அனுமதி தேவை. சுமார் 1,800 முதல் 2,700 மீட்டர் உயரத்தில், அடர்ந்த கீழ்ப்புதர் உள்ள இலையுதிர் காட்டில் பாடும் ஆணைத் தேட வேண்டும். மரப்பொந்தில்தான் கூடு, 3 முதல் 5 முட்டை. பொந்தைக் கண்டால் அங்கே நிற்காமல் விலகிப் போங்கள். ஆள் நிற்கும் வரை தாய்ப்பறவை உள்ளே போகாது.

எண்ணிக்கை குறைவதற்கு முதன்மைக் காரணமும் இந்தப் பொந்து மரங்கள் அழிவதுதான். மரவெட்டு, விளைநிலமாக்கல், கால்நடை மேய்ச்சல் மூன்றும் அந்தக் குறுகிய உயரப்பட்டையில் உள்ள இலையுதிர் காட்டையே தின்கின்றன. வேறெங்கும் கூடு கட்டாத பறவைக்கு மாற்று இடம் கிடையாது. முதிர்ந்த பறவைகள் உலகில் 10,000க்கும் குறைவு என்பது இப்போதைய மதிப்பீடு. அவை குளிர்காலத்தைக் கழிக்கும் மலைகளில் எங்கே தங்குகின்றன, எந்தத் தோட்டத்துக்கு ஆண்டுதோறும் திரும்புகின்றன என்பதை ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியாவில் வாழும் பறவை நோக்கர்களால்தான் எழுதிவைக்க முடியும். அக்டோபரில் முதல் பறவை வந்த தேதி, மார்ச்சில் கடைசியாகப் பார்த்த தேதி: உங்கள் வீட்டருகே ஒரு பறவை தங்குகிறது என்றால் இந்த இரண்டையாவது ஆண்டுதோறும் விடாமல் குறித்துவையுங்கள்.